வச்சா ஏறணும், அவ்வளவுதான்

"வயர்லெஸ் சார்ஜர் வாங்கப் போறேன். 10 வாட் எடுக்கவா, 15 வாட் எடுக்கவா?"

டிரிபிள் ஈ படிக்கிற ஒரே காரணத்துக்காக இந்த செமஸ்டரில் மட்டும் நாலு பேர் என்னிடம் இதைக் கேட்டுவிட்டார்கள். நாலு பேரிடமும் நான் திருப்பிக் கேட்டது ஒன்றுதான்: "உங்க ஃபோன் எவ்வளவு கேக்கும்?" யாருக்கும் தெரியவில்லை. டப்பாவில் பெரிய எழுத்தில் இருக்கும் வாட்டைத்தான் எல்லோரும் பார்க்கிறோம். அந்த எண்ணுக்குப் பின்னால் ஃபோனும் சார்ஜரும் தங்களுக்குள் ஒரு பேச்சுவார்த்தை நடத்துகின்றன. அந்தப் பேச்சுக்கான இலக்கணம்தான் ஸ்டாண்டர்டு. அது புரிந்தால் பாதிக் குழப்பம் போய்விடும். அதனால்தான் இந்தக் கட்டுரை, மக்களே.

எனக்கு இது ஏன் தேவைப்பட்டது?

உண்மையைச் சொன்னால், சிலபஸுக்காக நான் இதைப் படிக்கவில்லை. என் அப்பத்தாவுக்காகப் படித்தேன்.

அப்பத்தா கோட்டையூரில் தனியாக இருக்கிறார். வயது 78. சுகர் இருக்கு, கை லேசா நடுங்கும். சிங்கப்பூரில் இருக்கும் சித்தப்பா, தான் வைத்திருந்த ஐஃபோன் எஸ்இயை (2020-ல் வந்த மாடல்) அவருக்குக் கொடுத்திருக்கிறார். தினமும் ராத்திரி 8 மணிக்கு வீடியோ கால். பிரச்சினை, சார்ஜர் முனையை ஃபோனின் ஓட்டையில் சொருகுவது. கை நடுக்கத்தோடு, கண்ணாடி போட்டும் சரியாகத் தெரியாத அந்தச் சின்ன ஓட்டையில் தினமும் குத்திக் குத்தி, அது லூஸாகிவிட்டது. சொருகின மாதிரி இருக்கும், ஏறாது.

போன மார்ச் மாதம் ஒரு ராத்திரி ஃபோன் செத்துப்போய்விட்டது. சித்தப்பா 14 தடவை அடித்திருக்கிறார். கடைசியில் பக்கத்து வீட்டு அண்ணனை எழுப்பிக் கதவைத் தட்டச் சொல்லும் நிலைமை. அப்பத்தா நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தார்! ஆனால் அடுத்த நாளே குடும்பத்தில் பஞ்சாயத்து. "இனிமே ஒரு தடவை ஃபோன் எடுக்கலேன்னாலும் வீட்டைப் பூட்டிட்டு சென்னைக்கு வந்துரணும்," என்று அத்தை சொல்லிவிட்டார். அப்பத்தாவுக்கு அந்த வீட்டை விட்டு வர மனசில்லை. என்னைக் கூப்பிட்டு, "ஏத்தா, நீ கரண்டுதானே படிக்கிற? சொருகாம ஏறுற மாதிரி ஏதாச்சும் இருக்கா?" என்று கேட்டார்.

இருக்கிறது. ஆனால் எதை வாங்குவது?

ஒயர் இல்லாமல் எப்படி ஏறுகிறது?

அடிப்படை புதுசே இல்லை. 1831-ல் மைக்கேல் ஃபாரடே கண்டுபிடித்த மின்காந்தத் தூண்டல்தான். சார்ஜர் பேடுக்குள் ஒரு செம்புக் காயில், ஃபோனின் முதுகுக்குள் ஒரு செம்புக் காயில். பேடில் இருக்கும் காயிலில் வேகமாகத் திசை மாறும் மின்னோட்டத்தை விட்டால் அதைச் சுற்றி மாறும் காந்தப்புலம் உருவாகும். அந்தப் புலத்துக்குள் இருக்கும் ஃபோன் காயிலில் மின்னழுத்தம் தூண்டப்படும். அதை டிசியாக மாற்றி பேட்டரிக்கு அனுப்ப வேண்டியதுதான். முதலாம் ஆண்டில் படித்த டிரான்ஸ்ஃபார்மரை நடுவில் வெட்டி, ஒரு பாதியைப் பேடிலும் மறுபாதியை ஃபோனிலும் வைத்தது மாதிரி.

வெட்டின டிரான்ஸ்ஃபார்மருக்கு ஒரு கஷ்டம் இருக்கிறது. இரும்பு மையம் இரண்டையும் இணைக்காததால் காயில்கள் ரொம்ப நெருக்கமாக, நேருக்கு நேராக இருந்தால்தான் புலம் முழுசாகப் போய்ச் சேரும். அதனால்தான் இடைவெளி சில மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. ஃபோன் நகர்ந்து உட்கார்ந்தால் வேகம் குறைந்து சூடு கூடும். வீட்டுக் கரண்ட் மாதிரி 50 ஹெர்ட்ஸிலும் இது உருப்படியாக நடக்காது. பெரும்பாலான பேடுகள் 100 முதல் 200 கிலோ ஹெர்ட்ஸ் வாக்கில் வேலை செய்கின்றன.

பந்தியில் ஒரு பேச்சுவார்த்தை

இதுவரை சொன்னது பௌதிகம். இதை மட்டும் வைத்து யார் வேண்டுமானாலும் ஒரு சார்ஜர் செய்துவிடலாம். நம்ம லேபிலேயே இரண்டு காயில் சுற்றி எல்இடி எரிய வைத்திருக்கிறோம். ஆனால் அந்தச் சர்க்யூட்டின் மேல் ஃபோனை வைக்க யாருக்காவது தைரியம் வருமா? எவ்வளவு கொடுக்கணும், எப்ப நிறுத்தணும் என்று அதற்குத் தெரியாதே.

நம்ம ஊர்க் கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். பரிமாறுகிறவர் இலை போட்டிருக்கிறதா என்று முதலில் பார்ப்பார். ஆள் உட்கார்ந்திருந்தால் "வைக்கவா?" என்பார். "கொஞ்சம் போடுங்க", "போதும்", "ரசம் வேணாம்" என்று சாப்பிடுகிறவர்தான் சொல்லணும். இலையை மடித்துவிட்டால் அதோடு முடிந்தது.

வயர்லெஸ் சார்ஜிங்கும் இதேதான். பேட் சும்மா இருக்கும்போது அவ்வப்போது ஒரு சின்ன துடிப்பை விட்டு, மேலே ஏதாவது இருக்கிறதா என்று பார்க்கும். இருந்தால், கொஞ்சம் அதிகமாகச் சக்தி விட்டு "யார் நீ?" என்று கேட்கும். ஃபோன் தன் அடையாளத்தையும் தேவையையும் சொல்லும். அப்புறம்தான் சார்ஜிங் ஆரம்பம். ஆரம்பித்த பிறகும் பேச்சு நிற்காது. "இன்னும் கூட்டு", "குறை", "இப்படியே இருக்கட்டும்" என்று ஃபோன் ஒரு செகண்டுக்குள்ளேயே பலமுறை சொல்லிக்கொண்டே இருக்கும். ஏறக்குறைய ஒன்றரை செகண்ட் குரல் வரவில்லை என்றால் பேட் தானாக நிறுத்திவிடும். பேட்டரி நிறைந்தாலோ சூடு அதிகமானாலோ ஃபோனே "நிறுத்து" என்று சொல்லிவிடும். இலையை மடிக்கிற மாதிரி.

இந்தப் பேச்சுக்குத் தனியாக ப்ளூடூத், வைஃபை எதுவும் வேண்டாம். ஃபோன் தன் பக்கத்து லோடைக் கொஞ்சம் கூட்டிக் குறைக்கும். அந்த அசைவு காந்தப்புலம் வழியாகப் பேடின் காயிலில் தெரியும். அதை ஒன்று, பூஜ்ஜியம் என்று பேட் படித்துக்கொள்ளும். வேகம் வெறும் 2 கிலோபிட்தான், ஆனால் "போதும்" என்று சொல்ல அது போதும். இதில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் ஒன்று. பேட்டரி முழுசாகச் செத்த ஃபோன்கூட இப்படிப் பேசும். பேட் கேள்வி கேட்க அனுப்புகிற சக்தியிலேயே ஃபோனின் ரிசீவர் சிப் விழித்துப் பதில் சொல்லிவிடும். அப்பத்தாவின் விஷயத்தில் எனக்கு வேண்டியது இதுதான்.

மூணு கட்சி, ஒரு 'ச்சீ'

பந்தியில் இரண்டு பேரும் ஒரே பாஷை பேசணுமே! பத்து வருஷம் முன்னாடி அதுதான் சண்டை.

2008-ல் வயர்லெஸ் பவர் கன்சார்டியம் என்ற கூட்டமைப்பு உருவாகி, 2010-ல் தன் ஸ்டாண்டர்டை வெளியிட்டது. பெயர் ஆங்கிலத்தில் க்யூ, ஐ என்று இரண்டே எழுத்து. உயிராற்றலைக் குறிக்கும் சீனச் சொல் அது. உச்சரிப்பு 'ச்சீ'. ஆமாங்க, நம்ம வீட்டில் முகம் சுளித்துக்கொண்டு சொல்வோமே, ஏறக்குறைய அதே 'ச்சீ'. 2012-ல் வந்த நோக்கியா லூமியா 920, நெக்ஸஸ் 4 இரண்டிலும் இது இருந்தது.

அதே 2012-ல் போட்டிக்கு இரண்டு கூட்டணிகள் வந்தன. ஒன்று பவர் மேட்டர்ஸ் அலையன்ஸ்; 2014-ல் ஸ்டார்பக்ஸ் தன் அமெரிக்கக் கடை மேஜைகளில் இந்தப் பக்கத்து பேடுகளைத்தான் பதிக்க ஆரம்பித்தது. இன்னொன்று, சாம்சங், குவால்காம் எல்லாம் சேர்ந்து தொடங்கிய அலையன்ஸ் ஃபார் வயர்லெஸ் பவர். இவர்கள் 6.78 மெகா ஹெர்ட்ஸில் காந்த ஒத்திசைவு முறையை எடுத்தார்கள். ஃபோன் அச்சுப் பிசகாமல் உட்கார வேண்டியதில்லை, ஒரே பரப்பில் பல சாதனங்களை வைக்கலாம் என்பது அதன் பலம்.

நடுவில் மாட்டினது வாங்குகிற ஜனம். கடை மேஜையில் ஒரு பாஷை, ஃபோனில் இன்னொரு பாஷை. 2015-ல் வந்த சாம்சங் கேலக்ஸி எஸ்6 இரண்டு பாஷையும் பேசுகிற மாதிரி வந்ததே நிலைமையைக் காட்டும். அந்த வருஷமே போட்டிக் கூட்டணிகள் இரண்டும் ஏர்ஃப்யூல் என்ற பெயரில் ஒன்றாகின. ஆனால் 2017-ல் ஆப்பிள், ஐஃபோன் 8 மூலமாக 'ச்சீ' பக்கம் சாய்ந்தது. 2018 ஜனவரியில் எதிரணியின் முக்கிய நிறுவனமான பவர்மேட்டே 'ச்சீ' கூட்டமைப்பில் சேர்ந்துவிட்டது. சண்டை முடிந்தது.

ஜெயித்தவர்களுக்கும் பௌதிகம் சலுகை தரவில்லை. எங்கே வைத்தாலும் ஏறும் என்று 2017-ல் ஆப்பிள் அறிவித்த ஏர்பவர் பேட், கடைக்கு வராமலேயே 2019 மார்ச்சில் கைவிடப்பட்டது. அடுத்த வருஷம் அதே நிறுவனம் எதிர்த்திசையில் யோசித்தது: எங்கே வைத்தாலும் ஏற வேண்டாம், சரியான இடத்தில்தான் உட்காரணும், அதற்குக் காந்த வளையம் வைத்துவிடுவோம். அதுதான் ஐஃபோன் 12-ல் வந்த மேக்சேஃப். அந்தக் காந்த யோசனையை எல்லோருக்கும் பொதுவாக்கி 2023-ல் அறிவிக்கப்பட்டதுதான் 'ச்சீ 2'. காந்தம் ஃபோனை நடுவில் இழுத்து உட்கார வைக்கும், முதலில் வந்தபோது 15 வாட் வரை ஏறியது.

டப்பாவில் 15, கையில் ஏழரை

இப்போது முதல் கேள்விக்கு வரலாம். 10 வாட்டா, 15 வாட்டா?

பேட் எவ்வளவு கொடுக்க முடியும் என்பதை மட்டும்தான் டப்பா சொல்கிறது. ஃபோன் எவ்வளவு கேட்கும், அடாப்டர் எவ்வளவு தாங்கும் என்ற இரண்டும் சேர்ந்தால்தான் கணக்கு முடியும். மூன்றில் எது குறைவோ அதுதான் உங்களுக்குக் கிடைக்கும். 'ச்சீ'யின் அடிப்படை நிலை 5 வாட். அடுத்த நிலை 15 வாட் வரை போகும், ஆனால் இரண்டு பக்கமும் ஒத்துக்கொள்ளணும். ஒத்துப்போகவில்லை என்றால் 5 வாட்டில் நிற்கும்.

அப்பத்தாவின் எஸ்இ கேட்பது அதிகபட்சம் 7.5 வாட். ஏழரைதான், சனி பகவானே நேரில் வந்தாலும் அதற்கு மேல் வாங்காது. அப்புறம் 15 வாட்டுக்கு எதற்குக் காசு? 50 வாட் வயர்லெஸ் என்று வரும் ஃபோன்களும் உண்டு, 2021-ல் வந்த ஒன்பிளஸ் 9 ப்ரோ மாதிரி. அந்த வேகம் அவர்களுடைய சொந்த பேடில் மட்டும்தான் கிடைக்கும். அது வீட்டுக்குள் பேசிக்கொள்ளும் குழூஉக்குறி. வெளிப் பேடில் வைத்தால் பொதுப் பாஷைக்குத்தான் இறங்கி வரணும்.

எஸ்இயில் காந்த வளையம் கிடையாது. அதனால் 'ச்சீ 2' பேட் வாங்கினாலும் அது இழுத்து உட்கார வைக்காது. நடுங்குகிற கையால் வைக்கும் ஃபோன் ஒரு விரல் அளவு தள்ளிப் போனாலே ஏறாமல் போகலாம். காந்தம் செய்கிற வேலையை மரத்தால் செய்யலாம் என்று தோன்றியது. சாதாரண 'ச்சீ' முத்திரை போட்ட 10 வாட் பேட் ஒன்றை வாங்கி, ஒரு பலகையில் ஒட்டினேன். எந்த இடத்தில் வைத்தால் உடனே பிடிக்கிறது என்று ஃபோனை நகர்த்தி நகர்த்திப் பார்த்துப் பென்சிலால் கோடு போட்டேன். வீட்டில் ஜன்னல் வேலைக்கு வந்திருந்த ஆசாரி ஐயா, அந்தக் கோட்டில் கீழேயும் இடப்பக்கமும் இரண்டு தேக்கு ரீப்பரை அடித்துக் கொடுத்தார். ஃபோனை மூலையில் தள்ளி முட்டவிட்டால் போதும், காயிலுக்கு நேரே காயில்.

அப்பத்தா வைத்துப் பார்த்தார். டிங் என்று சத்தம் வந்ததும், "இதுக்கா இம்புட்டுப் படிப்பு?" என்றார்.

சாவிக்கொத்தும் குங்குமச் சிமிழும்

அந்தப் பலகை ரொம்ப நாள் காலியாக இருக்காது என்று எனக்குத் தெரியும். தட்டையான இடம் கண்டால் சாவிக்கொத்து, குங்குமச் சிமிழ், சில்லறைக்காசு எல்லாம் அங்கேதான் வந்து சேரும். மாறும் காந்தப்புலத்தில் உலோகம் இருந்தால் அதற்குள் சுழல் மின்னோட்டம் ஓடிச் சூடாகும். இண்டக்‌ஷன் அடுப்பில் பாத்திரம் சூடாவதும் இப்படித்தான். ஃபோனுக்கும் பேடுக்கும் நடுவில் ஒரு காசு சிக்கினால் அது கையைச் சுடுகிற அளவுக்குப் போகலாம்.

ஸ்டாண்டர்டின் அருமை இங்கேதான் தெரியும். 'ச்சீ' முறையில் வேற்றுப்பொருளைக் கண்டுபிடிக்க ஏற்பாடு இருக்கிறது. "எனக்கு இவ்வளவு வந்து சேர்ந்தது" என்று ஃபோன் கணக்குச் சொல்லும். பேட் தான் அனுப்பினதோடு ஒப்பிட்டுப் பார்க்கும். வழியில் அளவுக்கு மேல் காணாமல் போயிருந்தால், நடுவில் எவனோ சாப்பிடுகிறான் என்று நிறுத்திவிடும். சில பேடுகள் சார்ஜிங் ஆரம்பிக்கும் முன்பே காயிலின் ஒத்திசைவுத் தன்மையை அளந்து உலோகம் இருப்பதைச் சொல்லிவிடும். சான்றிதழ் வாங்குகிற பேட் இந்தச் சோதனையில் தேறியாகணும். முத்திரை இல்லாத மலிவு பேடில் இது இருக்கிறதா இல்லையா என்று நமக்குத் தெரியாது. எண்பது வயதை நெருங்குகிறவர் இருக்கும் வீட்டில் நான் முத்திரைக்குக் காசு கொடுத்தது இதற்காகத்தான்.

வெயிலும் சிக்ரியும்

"கரண்ட் வேஸ்ட் ஆகுமே?" என்று அப்பா கேட்டார். கணக்குப் போட்டுக் காட்டினேன். அந்த ஃபோனின் பேட்டரி சுமார் 7 வாட் ஹவர். ஒயரில் 80 சதவீதமும் வயர்லெஸில் 60 சதவீதமும் பேட்டரிக்குப் போய்ச் சேருகிறது என்று வைத்துக்கொண்டால், ஒரு முழு சார்ஜுக்கு வித்தியாசம் 3 வாட் ஹவர் கூட வராது. வருஷம் முழுக்க தினமும் ஏற்றினாலும் ஒரு யூனிட் சொச்சம். பில்லைப் பற்றிக் கவலை வேண்டாம்.

கவலைப்பட வேண்டியது அந்த வீணாகிற சக்தி எங்கே போகிறது என்பதைப் பற்றி. அது சூடாக மாறுகிறது, அதில் ஒரு பங்கு ஃபோனின் முதுகுக்குள், பேட்டரிக்குப் பக்கத்திலேயே.

பேட்டரியின் இந்தச் சங்கதிகளுக்குக் காரைக்குடிக்காரர்கள் வெகுதூரம் போக வேண்டியதில்லை. நாம் தினமும் பஸ்ஸில் தாண்டிப் போகிற சிக்ரி, அதாவது மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், இதற்கென்றே இருக்கிறது. 1948 ஜூலை 25-ல் நேரு அடிக்கல் நாட்டி, 1953 ஜனவரி 14-ல் ராதாகிருஷ்ணன் திறந்து வைத்தது. அதற்காக 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தவர் அழகப்பச் செட்டியார். எங்க அப்பத்தா ஊரான அதே கோட்டையூர்க்காரர். லித்தியம் அயான் பேட்டரியும் அங்கே ஆய்வு செய்யப்படும் துறைகளில் ஒன்று.

மின்வேதியியல் நமக்குச் சொல்வது எளிது. சூடு ஏறினால் பேட்டரிக்குள் வேண்டாத பக்க வினைகளும் வேகமெடுக்கும். எதிர்மின்வாய் மேல் இருக்கும் மெல்லிய படலம் தடித்து, சார்ஜைச் சுமக்க வேண்டிய லித்தியத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடும். சூடும் முழு சார்ஜும் சேர்ந்து நீடித்தால் இன்னும் மோசம். ஐஃபோனைப் பயன்படுத்த ஆப்பிள் சொல்லும் சுற்றுப்புற வெப்பம் 0 முதல் 35 டிகிரி வரை. நம்ம ஊர் மே மாதத்து மதியம் அதைச் சர்வ சாதாரணமாகத் தாண்டும். பேடின் சூடும் அதோடு சேர்ந்தால்?

அதனால் பலகையை எங்கே வைப்பது என்று யோசிக்க வேண்டியிருந்தது. வெயில் படும் முன்கட்டும் வேண்டாம், அடுப்படிப் பக்கமும் வேண்டாம். இரண்டாம் கட்டில், முற்றத்துக் காற்று வரும் இடத்தில் ஒரு மர முக்காலி. தடித்த சுவரும் ஆத்தங்குடிக் கல் தரையும் இருக்கிற வீட்டில் அந்த இடம் எப்பவும் குளுமையாக இருக்கும். ஃபோனின் தடித்த ரப்பர் கவரைக் கழற்றிவிட்டு மெல்லிசாக ஒன்று போட்டேன். ராத்திரி கால் பேசி முடித்ததும் வைக்க வேண்டும், பகலில் வேண்டாம் என்பது ஏற்பாடு.

ஏப்ரலில் ஒரு நாள் அப்பத்தா கூப்பிட்டார். "ஏத்தா, எம்பதுக்கு மேல ஏற மாட்டேங்குது. கெட்டுப்போச்சா?" கெடவில்லை. பேட்டரி சூடானால் 80 சதவீதத்துக்கு மேல் ஏற்றாமல் நிறுத்திவைக்கும் வசதி அந்த ஃபோனில் இருக்கிறது. "அதுக்குப் புழுக்கமா இருக்காம் அப்பத்தா, ஆறினதும் ஏத்திக்கும்" என்றேன். "அப்ப எனக்கு மாதிரிதான்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

நாலு பேருக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

முதலில், உங்கள் ஃபோனில் வயர்லெஸ் சார்ஜிங் இருக்கிறதா என்று பாருங்கள். நம்மில் பலர் வைத்திருக்கும் பட்ஜெட் ஃபோன்களில் காயிலே இருக்காது. பேட் வாங்கி வைத்துக்கொண்டு முறைக்கத்தான் முடியும்.

இருந்தால், அது எத்தனை வாட் கேட்கும், காந்த வளையம் உண்டா என்று பாருங்கள். வளையம் உண்டு என்றால் 'ச்சீ 2' பேட் வாங்குவதில் அர்த்தம் இருக்கிறது. இல்லை என்றால் சாதாரண 'ச்சீ' போதும்.

அடாப்டரைக் கவனியுங்கள். பல பேடுகள் அடாப்டர் இல்லாமல் வெறும் ஒயரோடு வருகின்றன. பழைய 5 வாட் அடாப்டரில் சொருகினால் 15 வாட் பேடும் திணறும்.

முத்திரையைக் கண்ணால் பார்ப்பதோடு விடாதீர்கள். சான்றிதழ் பெற்ற பொருள்களின் பட்டியலை வயர்லெஸ் பவர் கன்சார்டியம் இணையத்தில் வைத்திருக்கிறது. மாடல் பெயரைப் போட்டுத் தேட இரண்டு நிமிஷம் ஆகும்.

கடைசியாக, கை நன்றாக இருக்கிற, அவசரத்தில் ஓடுகிற ஹாஸ்டல்காரர்களுக்கு ஒயர்தான் வேகம், ஒயர்தான் மலிவு. ஃபேஷனுக்காக மட்டும் வாங்காதீர்கள். சொருக முடியாதவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால், அவர்களுக்கு வாங்கிக் கொடுங்கள்.

அப்பத்தா இன்னும் கோட்டையூரில்தான் இருக்கிறார். மார்ச்சுக்கு அப்புறம் சித்தப்பாவின் கால் ஒரு நாளும் தவறவில்லை. பேட் வைத்த அன்றைக்குப் பேட்டரி ஹெல்த் எவ்வளவு இருந்தது என்று குறித்து வைத்திருக்கிறேன். அக்னி நட்சத்திரம் முடிந்து லீவுக்குப் போகும்போது திரும்பப் பார்க்கணும். நம்ம வெயிலில் வயர்லெஸ் எவ்வளவு தின்கிறது என்பது அப்போது தெரியும். உங்களில் யாராவது ஒயரில் மட்டும் ஏற்றுகிற அதே மாடல் வைத்திருந்தால் சொல்லுங்கள், இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்க்கலாம்.